அக்காளின் முதல் பல்லும் என் முதல் சொல்லும்

எங்கள் அக்காளுக்கு முதல் பல் முளைத்தது காவேரியில் வெள்ளம் வந்த அன்றைக்கு. பரிசல் ஓடவில்லை. அக்கரைக்கு மாடு பார்க்கப் போன அப்பா திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே யாரோ ஒரம்பரைச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். அம்மா தனியாக உட்கார்ந்து சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, சங்கின் விளிம்பில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டுப் பார்த்தால் பல். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருக்கவே, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, வெள்ளம் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டுச் சொன்னாளாம். ஊரே ஆற்றைப் பார்க்காமல் அக்காளின் வாயைப் பார்த்துவிட்டுப் போனதாம்.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் போலச் சொல்கிறேன். ஆனால் அப்போது நான் பிறக்கவே இல்லை. எனக்கும் அக்காளுக்கும் நடுவில் மூன்று அண்ணன்மார் இருக்கிறார்கள். அம்மா சொல்லிச் சொல்லி, அக்காளின் குழந்தைப் பருவம் எனக்கு மனப்பாடம். அவள் எழுந்து நடந்தது நெல் தூற்றும் களத்தில். முதலில் சொன்ன வார்த்தை "போ." வடகத்தைக் கொத்த வந்த காக்காயைப் பார்த்துச் சொன்னது. காக்காயும் போய்விட்டது. தன் மகளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் அது பறந்தது என்று அம்மா சத்தியமாக நம்பினாள். அக்காள் வளர்ந்து பெரியவளாகி எல்லோரையும் அதே வார்த்தையால் விரட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம் என்பதால் நானும் நம்பினேன்.

பெரிய அண்ணனைப் பற்றிக் கேட்டால் அம்மாவிடம் பாதிக் கதை இருந்தது. அடுத்தவன் அடுப்பில் கையை வைத்துச் சுட்டுக்கொண்ட கதை ஒன்று இருந்தது. தழும்பு இருந்ததால் அதுவும் தப்பித்தது. மூன்றாமவன் "அவம் பாட்டுக்கு வளந்தான்." என் முறை வரும்போது அம்மா முகத்தில் ஒரு குழப்பம் வரும்.

"நான் எப்பம்மா நடந்தேன்?"

"நீயா? நடந்தே."

"எங்க நடந்தேன்?"

"ஊட்டுக்குள்ளதான் சாமி நடந்திருப்ப. வேற எங்க போற?"

அத்தோடு சரி. அக்காளின் முதல் வருடத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து கேட்கலாம். எங்கள் நாலு பேரையும் வளர்த்த காலமோ வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் முடிந்துவிடும். எனக்கு இது பெரிய வயிற்றெரிச்சல். சண்டை வரும்போதெல்லாம் "உனக்கு ஒரே புள்ளதான், நாங்கெல்லாம் ஆத்துல வந்தவங்க" என்பேன். அம்மா மறுக்கவும் மாட்டாள். ஆற்றில் வந்திருந்தால் அந்த நாள் நினைவிருந்திருக்கும் என்பாள்.

நான் வாழ்க்கைப்பட்டது மல்லசமுத்திரம் பக்கம். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் வாசலில் ஓடும் ஊரில் பிறந்தவளைக் கொண்டுபோய் கிணற்றை நம்பி வாழும் பூமியில் விட்டால் எப்படி இருக்கும்? அங்கே தண்ணீர் தானாக வராது. கவலை ஓட்ட வேண்டும். இரண்டு மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். கிணற்றிலிருந்து தோல்பறி நிறையத் தண்ணீர் ஏறி வந்து வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் திரும்பாமல், பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வர வேண்டும். மறுபடி இறங்க வேண்டும். விடிவதற்கு முன் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதேதான்.

கல்யாணமான மறுநாள், தண்ணீர் கொட்டும் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தேன். யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்த முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு கொட்டலும் காதில் விழுந்தது. மாமியார் எந்தக் கையால் மோர் கடைந்தார், எந்தச் செம்பில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், எந்த நாளில் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார் என்றெல்லாம் இன்றைக்கும் சொல்வேன். அப்புறம் சத்தம் காதில் விழுவது நின்றுவிட்டது. கவலை ஓடுவது நிற்கவில்லை, நான்தான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வந்த வருடங்கள் எங்கே போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்த புதிதில் ஒரு நாளுக்குள் அத்தனை இடம் இருந்தது. பழகிய பிறகு ஒரு வருடமே கைக்குள் அடங்கிவிட்டது.

உலகச் சண்டைக் காலத்தில், சீமெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் ஆமணக்கு எண்ணெய் விளக்கில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நாட்களில், எனக்குப் பெண் பிறந்தாள். என் தலைப்பிள்ளை. அப்போதுதான் அக்காள் விஷயத்தில் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. பிள்ளை கொட்டாவி விட்டாலும் எனக்கு அதிசயம். தும்மினால் மாமியாரைக் கூப்பிடுவேன். பல் முளைத்தது, தவழ்ந்தது, கட்டுத்தரையில் மாட்டுக்கு நடுவே எழுந்து நின்றது, எல்லாவற்றையும் மறக்கவே மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா மாதிரி இருக்க மாட்டேன், எத்தனை பிள்ளை பெற்றாலும் ஒவ்வொன்றுக்கும் கதை வைத்திருப்பேன் என்று வீம்பு வேறு.

ஆனால் பிள்ளை பேசவில்லை.

ஒரு வயதில் பேசாததற்கு யாரும் கவலைப்படவில்லை. ஒன்றரை வயதில் மாமியார் வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவ ஆரம்பித்தார். இரண்டு வயதும் முடிந்தது. காது நன்றாகக் கேட்டது. பாத்திரம் விழுந்தால் திரும்பிப் பார்ப்பாள், நாய் குரைத்தால் சிரிப்பாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாள். வாய் மட்டும் திறக்கவில்லை. வந்து போகிறவர்கள் "இன்னும் பேசலீங்களா?" என்று கேட்பதும், கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வேறு பேச்சுக்குப் போவதும் எனக்கு முள்ளாகக் குத்தும்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்குத் திக்குத்திக்கென்று இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, உன்ற ஊட்டுக்காரன் வெள்ளனாவே பேசிப்போட்டான். ஒரு வயசுல வாயாடுன வாய்தான். எல்லாத்தையும் அப்பவே பேசித் தீத்துப்போட்டானாட்ட இருக்குது, இப்ப ஒண்ணுங் காணோம்."

அது உண்மை. என் வீட்டுக்காரர் பேசுவது மாடுகளோடு மட்டும்தான்.

"அவன் வழியில இல்லீன்னா உன்ற வழியில இருக்கோணும். நீ எப்பப் பேசுனீன்னு உங்கம்மாளப் போயி கேட்டுப்போட்டு வா. நீயும் நேரங்கழிச்சுப் பேசுனவன்னா, இதுவும் பேசிக்கும். எனக்கும் தூக்கம் வரும்."

நியாயமான பேச்சு. ஆனால் கேட்க வேண்டிய ஆள் யார்? உலகத்திலேயே எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அதை வைத்திருக்க வேண்டியவள் எங்கள் அம்மா!

வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டோம். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றது. அதைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. எத்தனையோ தடவை போன வழிதான். அன்றைக்கு ஒவ்வொரு புளியமரமும் தனித்தனியாக வந்தது. மடியில் பிள்ளை, வாயைத் திறக்காமல், போகிற வருகிற வண்டியையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். திருமணத்துக்குப் பிறகு முதல் தடவை அம்மா வீட்டுக்குப் போனபோது இருந்த நீளம் அந்தப் பாதைக்குத் திரும்ப வந்துவிட்டது.

அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நான் போன காலோடு கேட்டேன்.

"அம்மா, நான் எப்பப் பேசுனேன்?"

"வந்ததும் வராததுமா என்ன கேள்வி? கை காலைக் கழுவு." பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டு இல்லை என்று தெரிந்துகொண்டாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நீ ஒரு வயசுலயே பேசிட்ட சாமி. காக்காய்கிட்டப் 'போ'ன்னு சொன்னே."

"அது அக்கா."

"அக்காவா?"

"அக்காதான். வடகம் காயப்போட்டிருந்தே. நீ நெல்லு ஊறவெச்சிருந்தே. எனக்கே தெரியும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் அங்குமிங்கும் போனது. வீடு முழுவதும் தேடுகிற மாதிரி இருந்தது. "எல்லாப் புள்ளைகளும் பேசறப்ப நீயும் பேசியிருப்ப கண்ணு. இல்லீன்னா எனக்குத் தெரியாம இருக்குமா?"

அப்பாவைக் கேட்டேன். "நான் வயல்ல கெடந்தவன், என்னையக் கேட்டா?" என்றார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காளைக் கேட்டேன். இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தானே. "கனமா இருந்தே. இறக்கிவிட்டா அளுவே. வேற ஒண்ணுந் தெரியாது" என்றாள். என் சரித்திரம் மொத்தமும் அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பைக் கடைந்து வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டி கட்டச் சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழி, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேரவே கூடாது என்று நினைத்ததால் அப்படி இருந்திருக்கலாம். மாமியார் வாசலிலேயே நின்றார்.

"அம்மாளுக்கு நெனப்பில்லைங்களாம், அத்தை."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. பேத்தியை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அப்படின்னா நீ நேரத்துக்குப் பேசிப்போட்டே சாமி. ரெண்டு வயசு வரைக்கும் வாய் தொறக்காத புள்ளய எந்தத் தாயாவது மறப்பாளா?"

எவ்வளவு சரியான பேச்சு! நான் நேரத்துக்குப் பேசியிருக்கிறேன்; அதனால்தான் மறந்துபோயிருக்கிறது. என் வீட்டுக்காரர் வழியும் இல்லை, என் வழியும் இல்லை. அப்படியானால் என் பெண்ணுக்கு என்ன?

அதன் பிறகு வந்த நாட்களை இன்னொரு தடவை வாழச் சொன்னால் மாட்டேன். காலையில் அவள் கண் விழித்ததும் நான் அவள் வாயைப் பார்ப்பேன். சோறு ஊட்டும்போது பார்ப்பேன். "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று நச்சரிப்பேன். அவள் என் உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பாள். பொழுது நகரவே நகராது. ஒரு பகல் முடிவதற்குள் நான் களைத்துப்போவேன். புதிதாக ஒன்றும் நடக்காமலே ஒவ்வொரு நாளும் புதுநாளாக நீண்டது, அது ஒரு கொடுமை. திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டேன். அம்மாவிடமிருந்து ஆள் வந்து விசாரித்துப் போனது. நான் சரியாகப் பதில் சொல்லி அனுப்பவில்லை.

அப்புறம் கடலைக்காய்க் கொடி பிடுங்குகிற காலம் வந்தது.

அது வந்துவிட்டால் யாருக்கும் நிற்க நேரமிருக்காது. ஈரம் காய்வதற்குள் பிடுங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். மானாவாரிக் காட்டில் ஆட்களோடு நானும் குனிந்தால் நிமிர்வதில்லை. தோட்டத்தில் ராகிக்குத் தண்ணீர் கட்டுவதையும் நிறுத்த முடியாது. என் வீட்டுக்காரர் கவலை ஓட்ட, தோட்டத்துக் கடைசியில் மாமியார் நின்று பாத்திக்குப் பாத்தி மடையைத் திருப்பிவிடுவார். பிள்ளையை என்ன செய்வது? கிணற்றுக்குத் தூரமாக இருந்த வேப்பமரத்தில், பழைய சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, அவள் அப்பாவின் பார்வையில் விட்டுவிட்டுப் போவேன். பொழுது சாய்ந்து வந்து, அவளைத் தூக்கி வந்து, ஊட்டி, கூடவே விழுந்து தூங்குவேன். உடம்பு வலியில் அவள் வாயைப் பார்க்க மறந்தேன். மறந்தேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

பிடுங்கல் முடிகிற தறுவாயில் ஒரு நாள், ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு வந்தேன். மாடுகள் பாதி மேட்டில் பின்வாங்கி வந்து அப்படியே நின்றுவிட்டன. ஜோடியில் மயிலை சாது, காரிமாடுதான் அடம் பிடித்தது. என் வீட்டுக்காரர் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வேப்பமர நிழலில் கட்டிக்கிடந்த என் மகள் கையைத் தட்டி, மாட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வா சாமி. பின்னால வா."

அப்பனுடைய குரல் அப்படியே, சின்னதாக. மாடு வந்தது.

நான் குடத்தோடு நின்றேன். அந்த நேரம் பேச்சு வராத பிள்ளை நான்தான்.

"ஏனுங்க," என்றேன் கடைசியில், "கேட்டீங்களா?"

"என்னத்த?"

"புள்ள பேசுதுங்க!"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஏம் புள்ள, கொடி பிடுங்க ஆரம்பிச்சதுல இருந்து அது சொல்லிக்கிட்டுத்தான இருக்குது."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலீங்க?"

"உனக்குத் தெரியாதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். எந்த நாள்? காலையிலா, பொழுது ஏறியா? முதலில் "வா" என்றாளா, "சாமி" என்றாளா? காரியிடமா, மயிலையிடமா? அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாவம், தலையைச் சொறிந்தார். "எல்லா நாளும் ஒண்ணாட்டந்தான புள்ள இருக்குது. ஒரு நாள் பாத்தா பேசிக்கிட்டு இருந்துச்சு."

நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். மண்வெட்டியோடு ஓடிவந்த மாமியார் விஷயம் தெரிந்ததும் பேத்தியை முத்தமிட்டுவிட்டு என்னைத் திட்டினார். "புள்ள பேசிப்போடுச்சேன்னு சந்தோசப்படுவாளா, எப்பப் பேசுச்சுன்னு அளுவாளா! கிறுக்கி."

கிறுக்குத்தான். அத்தனை நாள் கண் கொட்டாமல் காத்திருந்தது எதற்காகவோ, அது நான் பார்க்காதபோது வந்து உட்கார்ந்துவிட்டது.

ஊருக்குச் சொல்லியனுப்பினோம். அம்மா தானே வந்துவிட்டாள். கையில் மலைக் கோயிலுக்குக் கட்டுவதற்கு ஒரு மணி. நான் வேண்டிக்கொண்ட மாதிரியே அவளும் வேண்டியிருக்கிறாள். பேத்தி அவளை "வா சாமி" என்றதும், மாட்டுக்குச் சொன்னதைத்தான் தனக்கும் சொல்கிறாள் என்று தெரியாமல் பூரித்துப்போனாள். நானும் திருத்தவில்லை.

மத்தியானம் வாசலில் கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தோம். அம்மாவும் ஒரு கைக் கொடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அவள் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

"மொதல்ல என்ன வார்த்த சொன்னா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதா? என்னைக்குச் சொன்னா?"

"அதும் தெரியாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சிரிக்காத. நான் ஒரு வாரந்தான் தவற உட்டேன். நீ என்னைய முழுசாவே தவற உட்டுட்டே. அக்காளோட பல்லு நெனப்பிருக்குது, நடை நெனப்பிருக்குது, காக்காய் வந்தது கூட நெனப்பிருக்குது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு இந்த வயதில் இது என்ன அழுகை என்று எனக்கே வெட்கம். அம்மா சிரிப்பை நிறுத்தினாள். காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"உன்ற அக்காளப் பெத்தப்ப எனக்கு ஒரு எளவும் தெரியாது சாமி. சின்னப்புள்ள நானு. தூங்குனா மூச்சு வருதான்னு மூக்குல விரல வெச்சுப் பாப்பேன். அளுதாலும் பயம், அளுகாட்டியும் பயம். பல்லு வரலீன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், வந்த அன்னைக்கு ஓடிப்போயி ஊரைக் கூட்டுனேன். நடக்கலீன்னு பயம். பேசலீன்னு பயம். பயந்த பயமெல்லாம் ஒண்ணொண்ணா உள்ளாறயே நிக்குது." முதுகில் தொங்கிய பிள்ளையை ஒரு கையால் இழுத்து மடிக்குக் கொண்டுவந்தாள். "நீ வந்தப்ப பயமே இல்ல. உன்னைய மடியில போட்டுக்குவேன், என்ற வேலையப் பாப்பேன். நீ பல்லு மொளைச்சு, நடந்து, பேசி, எல்லாம் இங்கயேதான் இருந்திருக்கே. நல்லா இருந்துச்சு கண்ணு. நல்லா இருந்துச்சுங்கறது மட்டுந்தான் தெரியுது, வேற ஒண்ணும் நெனப்பில்ல."

நான் அடுத்த கொடியை எடுத்தேன். அன்றைக்குத்தான், என் ஆயுளில் முதல் தடவையாக, அத்தனை பயத்துக்கு நடுவில் வளர்ந்த அக்காளை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.